சத்தம் இருக்கிறது, படம்தான் போகிறது

பின்மூடியில் எட்டுத் திருகாணி. ஏழு சொன்னபடி கேட்டுக் கழன்று ஸ்டூல்மேல் கிடந்தன. எட்டாவது மட்டும் இடத்தைவிட்டு அசைவதாயில்லை. நாச்சிமுத்து திருப்புளியை உள்ளங்கையால் அழுத்தித் திருகினார். வழுக்கியது. இந்தப் பதினாறு நாளில் இதே மூடியை ஐந்து தடவை கழற்றி மாட்டியாயிற்று, ஐந்து தடவையும் அந்த எட்டாவது இதே அழிச்சாட்டியம்தான் செய்தது, அடுத்த தடவை அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று நினைப்பதும் மறந்துபோவதும் ஐந்து தடவையும் நடந்தது. மணி பத்துக்கூட ஆகவில்லை, அதற்குள் முதுகெல்லாம் வேர்வை. கம்பெனிக்கு ஆர்டர் இல்லையென்று இன்று புதன்கிழமை லீவு விட்டுவிட்டார்கள். நாளைக் காலை ஆறரைக்கு வேனை எடுக்க வேண்டும், நாலு ஊர் சுற்றி இருபத்திரண்டு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் இறக்க வேண்டும். இடையில் இந்த ஒரு பகல்தான் இருக்கிறது. இந்தப் பகலுக்குள் பெட்டியின் கோளாறைக் கண்டுபிடித்தே தீருவது என்று காலையில் பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். ஏன் இன்றைக்குள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

கோளாறு இதுதான். படம் பாட்டுக்கு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். செய்தி வாசிக்கிற பெண் வாசித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று மேலேயிருந்து ஒரு மங்கல் இறங்கும். கறுப்புக்கூட இல்லை, பழுப்பு, துவைத்துத் துவைத்து நிறம்போன வேட்டியை யாரோ மெல்ல இறக்குகிற மாதிரி. முதலில் அவள் தலைமுடி போகும், நெற்றி போகும், மூக்கு போகும், பேசுகிற வாய் கொஞ்ச நேரம் மிஞ்சியிருந்து அதுவும் போகும். சத்தம் மட்டும் எதுவும் நடக்காத மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும், மழை, விலைவாசி, வானிலை என்று. நாச்சிமுத்து எழுந்துபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். நாலு எண்ணுவதற்குள், சில நாள் பத்து எண்ணுவதற்குள், வேட்டி மேலே போய்விடும். தட்டினால் வருகிறது, அதுதான் முக்கியம். தட்டினால் வருகிற கோளாறு என்றால் உள்ளே எங்கேயோ ஈயப்பற்று விட்டிருக்கிறது, ஒயர் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, இது டிவிக்கும் அப்படித்தான் வேனுக்கும் அப்படித்தான், இருபத்தெட்டு வருசம் ஸ்டீரிங் பிடித்தவருக்கு இதுகூடவா தெரியாது. ஆனால் எந்த ஒயர், எந்தப் பற்று. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற மயில்சாமியிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார், இந்தக் காலத்திலும் முதுகு வைத்த டிவிக்குக் கை வைக்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தான். நாலாம் நாள், “நம்ம கடைல நல்லாத்தானுங்ணா ஓடுது, ஒரு வாட்டிகூடப் படம் போகலீங்ணா” என்றான். நாச்சிமுத்து அவன் ஸ்டூலிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். போகவில்லை. பாழாய்ப்போன பெட்டி, வீட்டில் கண்ணாமூச்சி ஆடுவது, கடைக்குப் போனால் சாது. வண்டியிலும் இப்படித்தான், தினமும் டர்ர்டர்ரென்று சத்தம் போடுகிற எஞ்சின் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் பேசாமல் இருக்கும், நாம் பொய் சொன்ன மாதிரி மெக்கானிக் நம் மூஞ்சியைப் பார்ப்பான். மயில்சாமியும் அப்படித்தான் பார்த்தான். “கரண்டு ஏறி எறங்குதானு பாருங்ணா, செட்டாப் பாக்ஸ மாத்திப் பாருங்ணா” என்றான். பாக்ஸ் மாற்றியாயிற்று. ஸ்டெபிலைசர் போட்டாயிற்று. பின்னைக் கத்தரித்துப் புதுப் பின் போட்டாயிற்று. டிவியைச் சன்னலோரத்திலிருந்து சாமி படத்துக்குக் கீழே நகர்த்தியாயிற்று. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் எதை மாற்றும்போது சரியாகிறதோ அதுதான் கோளாறு, வேறெதுவும் இதில் சூட்சுமம் கிடையாது, ஆனால் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார், மாற்றாதது என்று வீட்டில் ஒன்றும் பாக்கியில்லை.

எட்டாவது திருகாணி கழன்றது. மூடியை இழுத்தார். உள்ளே படக்குழாயின் கழுத்து, சிவப்பு ஒயர், போன வாரம் சைக்கிள் பம்பால் ஊதியும் போகாத தூசி. ஒரு செத்த பல்லியைப் போன தடவையே எடுத்துவிட்டார், அன்றைக்குப் பல்லிதான் காரணம் என்று என்ன ஒரு சந்தோசம். சாயங்காலமே மறுபடியும் படம் போனது. பலகையைத் திருப்பி ஒவ்வொரு ஈயப்புள்ளியாகப் பார்க்க வேண்டும், பார்க்கிறதென்றால் குனிந்து, வெளிச்சம் பிடித்து, வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு. வலது கண்தான். இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது, ஒன்பது வயதில் பருத்திமார்க் குச்சி குத்தியது. அது ஒரு பெரிய விசயமே இல்லை, அதோடுதான் லைசென்ஸ் வாங்கினார், கண் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற ஆறு பேர் சத்தமாகப் படித்த எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு தன் முறை வந்ததும் இடது கண்ணால் பார்க்கிற மாதிரி ஒப்பித்துவிட்டார், ஒருதரம் இல்லை, மூன்றுதரம். இருபத்தெட்டு வருசத்தில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. ஒரு கண் போதும், ஒழுங்காக இருந்தால். ஒழுங்காக இருந்தால் என்று ஏன் இப்போது தோன்ற வேண்டும். பலகையைப் பார். இந்தப் புள்ளி நன்றாக இருக்கிறது. இதுவும் நன்றாக இருக்கிறது. இது கொஞ்சம் விரிசல் மாதிரி, இல்லை, நிழல். எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை, ஒன்று, ஒரே ஒன்று கெட்டிருந்தால் போதும், அதைக் கும்பிட்டுவிட்டு ஈயம் வைத்து மூடிவிடுவார். மனுசன் தன் பெட்டி கெட்டிருக்க வேண்டும் என்று பழனி மலைக்கு நேர்ந்துகொள்கிற நிலைமைக்கு வந்தாயிற்று. மகள் ஈரோட்டிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், “அதைத் தூக்கிக் கடாசுங்கப்பா, நான் புதுசு வாங்கியாறேன்” என்கிறாள். இரண்டு நாள் முன்னால் அவளிடம் கத்திவிட்டார். புதுசு வேண்டாம் என்றால் வேண்டாம். பத்தொன்பது வருசம் உழைத்த பெட்டிமேல் பாசம் என்று அவள் நினைத்திருப்பாள். பாசமாவது மண்ணாவது. புதுசு வந்து அதிலும் வேட்டி இறங்கினால் என்ன செய்வது.

இல்லை, அதெல்லாம் இல்லை, அதற்குத்தான் சாட்சி இருக்கிறதே. பெண்டாட்டி பூவாத்தாள் பார்த்திருக்கிறாள். முதல் நாளே கேட்டார், “பூவாத்தா, படம் போச்சு பாத்தியா?” என்று. “ஆமாங்க, போயிருச்சுங்க” என்றாள். அப்போது வயிற்றில் வந்து உட்கார்ந்த நிம்மதி அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது, அது ஏன் அத்தனை பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை அவர் தோண்டவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டார். “போச்சா?” “போச்சுங்க.” “வந்துருச்சா?” “வந்துருச்சுங்க.” ஒரு ஆள் சொன்னால் சந்தேகம், இரண்டு பேர் பார்த்தால் அது நடந்ததுதான். பூவாத்தாள் இதோ வாசல்படியோரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு பக்கம் மலைபோல் பனியன், ஒரு பக்கம் வெட்டி முடித்தது, கையில் சின்னக் கத்தரி. தையலில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறை வெட்டிக் கொடுக்கிற வேலை, வீட்டிலேயே பார்ப்பது. வலது கையில் கத்தரி ஓடிக்கொண்டே இருக்கும், கழுத்து, கையோரம், கீழ்மடிப்பு, திருப்பு, அடுத்தது. சீரியல் ஓடும்போதும் ஓடும், செய்தி ஓடும்போதும் ஓடும். முப்பத்தோரு வருசமாக அவரைப் பார்த்து அவள் இல்லீங்க என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரில் அவரவர் வீட்டில் நடக்கிற கூத்தைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய கொடுப்பினை. குழம்பில் உப்பு அதிகம் என்றால் ஆமாங்க, குறைச்சல் என்றால் ஆமாங்க, அவருக்கே சில நாள் எரிச்சலாக வரும், ஒரே குழம்புக்கு எப்படி இரண்டும் ஆகும். கல்யாணமான புதிதில் ஒருதரம் ஏதோ இல்லை என்று சொல்லப்போய் அவர் சோற்றுத் தட்டை விசிறியடித்தார். அது எப்போதோ நடந்தது, அவளுக்கு நினைவுகூட இருக்காது.

பலகையில் ஒன்றும் அகப்படவில்லை. மூடியைச் சாத்தி, ஒரே ஒரு திருகாணியை மாட்டி, டிவியைப் போட்டார். சமையல் நிகழ்ச்சி. யாரோ வெண்டைக்காய் நறுக்கினார்கள். நாச்சிமுத்து எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து முறைத்தார். போ. இப்போது போ பார்க்கலாம். வெண்டைக்காய் போகவில்லை, எண்ணெய் காய்ந்தது, கடுகு வெடித்தது, எல்லாம் துல்லியம். பதினைந்து நிமிசம். வரவேண்டும் என்று உட்கார்ந்தால் வராது, வரக்கூடாத இடத்தில்தான் வரும், போன வியாழக்கிழமை மாதிரி. வியாழக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வெயில். காலை ஏழேகாலுக்கு என்ன வெயில். கிழக்கே பார்த்து நின்றிருந்தது வேன், நேராகக் கண்ணில் அடித்திருக்கும். சரி, டிவியில் சத்தம் போகாமல் படம் மட்டும் போகிறது என்றால் கேபிளில் கோளாறு இருக்க முடியாது என்று மயில்சாமி சொன்னான், கேபிளில் என்றால் சத்தமும் சேர்ந்து போகும். சரிதான். ஆனால் எதிர்வீட்டுக்காரர், மொட்டைமாடியில் ஜாயிண்டைப் பார்த்தீர்களா என்று நேற்றுக் கேட்டார். பார்க்கவில்லை. அப்படியானால் மாற்றாதது ஒன்று பாக்கியிருக்கிறது. வேனில் வருகிற இருபத்திரண்டு பேரில் சூலக்கல் ஊர்க்காரி ஒருத்திக்கு ஏழு மாசம், பின்சீட்டில் தூக்கிப்போடும் என்று முன்னால் உட்காரவைத்திருக்கிறார். அவள் எதற்கு இப்போது நினைவுக்கு வருகிறாள். நாச்சிமுத்து கட்டிங் பிளேயரையும் கறுப்பு டேப்பையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். “மாடிக்குப் போறன். கேட்டாச் சொல்லு” என்றார். “சரிங்க” என்றாள் பூவாத்தாள். கத்தரி ஓடியது.

மொட்டைமாடியில் கால் வைக்க முடியவில்லை, தரை அப்படிச் சுட்டது. சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள், தடக்குத் தடக்கென்று காது கிழிகிற சத்தம், இருபது வருசமாகக் கேட்டுக் கேட்டு அது சத்தமாகவே தெரிவதில்லை, அந்த ஊரில் அதற்குப் பெயர் அமைதி. கேபிள் ஜாயிண்ட் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. டேப்பை உரித்தார். செம்பு பச்சைபிடித்திருந்தது. பச்சைபிடித்திருந்தது. மனசு துள்ளிக் குதித்தது, அடே இதுதானா, பதினாறு நாள் மண்டையைக் காயவைத்தது இந்தப் பச்சைதானா. சத்தம் போகாதே, கேபிள் என்றால் சத்தமும் போக வேண்டுமே. போகாமலும் இருக்கலாம். மயில்சாமிக்கு எல்லாம் தெரிந்துவிடுமா. சுரண்டினார், முறுக்கினார், மாடிச் சுவரோரம் குனிந்து கத்தினார். “எப்படி இருக்குது?” கீழேயிருந்து தறிச் சத்தத்தைத் தாண்டி வந்தது குரல். “நல்லா இருக்குதுங்க.” ஜாயிண்டை வேண்டுமென்றே பிரித்தார். “இப்ப?” “போயிருச்சுங்க.” சேர்த்தார். “இப்ப?” “வந்துருச்சுங்க.” அவருக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, வெயிலில், தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தார். வியாழக்கிழமையை இப்போது நினைக்கலாம், இப்போது நினைத்தால் ஒன்றும் ஆகாது. ரயில்வே கேட் திறந்தது. முன்னால் டெம்போ நகர்ந்தது. முதல் கியரைப் போட்டார். பச்சைக் கொடியோடு நின்ற கேட்காரருக்கு அப்போது தலை இல்லை. கொடி இருந்தது, கை இருந்தது, சட்டைப் பொத்தான்கூட இருந்தது, தலை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு. அந்தப் பழுப்பு கீழே இறங்கியது, கொடி போனது, டெம்போவின் முதுகு போனது. பிரேக்கை மிதித்துவிட்டார். பின்னால் ஹாரன். பின்சீட்டிலிருந்து மாராத்தாள், “என்னுங்ண்ணா, வண்டி நின்னுபோச்சுங்ளா?” என்றாள். கிளட்ச் கோளாறு என்றார். அதற்கு முன்னால் ஒன்று செய்தார், அதைத்தான் இந்த ஆறு நாளாக நினைக்காமல் இருந்தார். வலது கையை எடுத்து, வேனின் டேஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டினார். வந்துவிட்டது. எல்லாம் வந்துவிட்டது, தலையோடு.

வெயில்தான். இங்கே பச்சைபிடித்திருந்தது, அங்கே வெயில், இரண்டும் வேறு வேறு. புது டேப்பை இழுத்துச் சுற்றினார். பல்லால் கடித்து அறுத்தார். “இப்ப எப்படி பூவாத்தா?” “நல்லாத் தெரியுதுங்க.” குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டது, அவள் காதோரம் சொன்ன மாதிரி. அது ஏன் என்று அவருக்கு உடனே புரியவில்லை. ஏதோ ஒன்று குறைந்துபோயிருந்தது. ஒரு காக்கை இறக்கையடித்துப் போவது கேட்டது. எங்கேயோ ஒரு குழந்தை இருமியது. நாச்சிமுத்து எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். தறி ஓடவில்லை. ஒரு கூடத்திலும் ஓடவில்லை. தறிக்காரர்கள் பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பீடியோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஊர் மொத்தத்துக்கும் கரண்டு இல்லை. அவர் மறுபடி குனிந்தார். “பூவாத்தா, படம் நல்லாத் தெரியுதா?” கேட்டார். “நல்லாத் தெரியுதுங்க” என்றாள்.

மளமளவென்று படி இறங்கி உள்ளே வந்தார். காற்றாடி நின்றிருந்தது. டிவி செத்துக் கிடந்தது, கண்ணாடியில் வாசல் வெளிச்சமும் பூவாத்தாளின் முதுகும் தெரிந்தன. கத்தரி ஓடிக்கொண்டிருந்தது.

“கரண்டு எப்பப் போச்சு?”

அவள் நிமிர்ந்து காற்றாடியைப் பார்த்தாள். அப்புறம் டிவியைப் பார்த்தாள். கத்தரி நின்றது. “இப்பத்தான் போயிருக்குமுங்க.”

“நல்லாத் தெரியுதுன்னியே.”

“கேட்டீங்கள்ள, அதனால சொன்னனுங்க.”

“அப்ப இத்தன நாளும் போச்சு போச்சுன்னது?”

பூவாத்தாள் மடியிலிருந்த பனியனை மடித்தாள், மடித்ததை மறுபடி பிரித்தாள். “நான் எங்கீங்க படத்தப் பாத்தன். துணியப் பாக்கோணும், பனியன் கை வெட்டுப்பட்டா கம்பெனில திருப்பி உட்டுருவாங்க. சத்தத்தக் கேட்டுட்டே கெடப்பன். நீங்க போச்சுன்னீங்க. போயிருக்கும்னு நெனச்சனுங்க.”

அவருக்குக் கை ஓங்கிக்கொண்டு வந்தது, யார்மேல் என்று தெரியாமல் பாதியில் நின்றது. பதினாறு நாள். பாக்ஸ், பின், பல்லி, ஸ்டெபிலைசர், பச்சைபிடித்த செம்பு. ஒரு ஆமாங்கவை நம்பி இவ்வளவு தூரம் வந்துவிட்டார், அந்த ஆமாங்கவை முப்பத்தோரு வருசமாகக் கெடுபிடி செய்து வாங்கினவரும் அவர்தான், இதை யாரிடம் போய்ச் சொல்லிக் கத்துவது. டிவிக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணாடியில் வாசல், வாசலுக்கு வெளியே வேன், வேனுக்கு மேலே வேப்பங்கிளை. கிளை முதலில் போனது. பழுப்பு இறங்கியது, அவசரமே இல்லாமல், வேனின் மேல்தகடு, சன்னல், பூவாத்தாளின் தலை. அவர் கை தானாக எழுந்து பெட்டியின் பக்கவாட்டுக்குப் போனது. அணைந்து கிடக்கிற பெட்டி. தட்டாமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்ணினார். நாலு. ஏழு. பத்து. பதின்மூன்றில் வேட்டி மேலே போனது, அவர் எதையும் தட்டவில்லை, அதுவாகப் போனது. பயமாக இருந்தது. ஸ்டீரிங் பிடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததில்லை.

“என்னுங்க? மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது.”

“எனக்குத்தான் போகுது பூவாத்தா. பொட்டிக்கல்ல.” கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார். “ரயில்வே கேட்டுக்கிட்டயும் போச்சு. வேன்ல அத்தன பேரு” என்றார். சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து நீட்டினார். “இத எங்கியாச்சும் வெய்யி. நான் கேட்டாலும் குடுக்காத. காலைல கோயமுத்தூர் போயிக் காட்டலாம்.”

“சரிங்க.” வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்போது கரண்டு வந்தது. முதலில் தறிகள், ஒன்று, இரண்டு, அப்புறம் ஊரே தடதடத்தது. காற்றாடி முனகிக்கொண்டு சுற்றியது. டிவி விழித்துக்கொண்டது. வெண்டைக்காய்க்காரர்கள் போய் யாரோ இட்லிப் பானையை விளக்கிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு பளபளப்பும் தெரிந்தது, அந்த அம்மாளின் வளையலை எண்ணிவிடலாம். நாச்சிமுத்து எண்ணினார். ஆறு வளையல். இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற கண்ணில் என்ன கோளாறு இருந்துவிட முடியும். வெயிலில் நின்றது, வெறும் வயிறு, மாடியிலிருந்து மளமளவென்று இறங்கி வந்தது, யாருக்கும்தான் தலைசுற்றும். நாளைக்கு ஒரு நாள் ஓட்டிவிடலாம். லீவு முடிந்த முதல் நாள், வேறு டிரைவரை இனிமேல் எங்கே தேடுவார்கள், மெதுவாக ஓட்டினால் போகிறது, கேட்டில் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக. நாளை மறுநாள் கோயமுத்தூர் போகலாம். அந்த ஏழு மாசக்காரியும் நேரத்துக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். படம் அசையாமல் நின்றது. அவர் டிவியைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டினார்.

“சாவியக் குடு.”

சாவி கைக்கு வரவில்லை. கத்தரிச் சத்தமும் இல்லை. திரும்பினார். பூவாத்தாள் துணியைப் பார்க்கவில்லை, டிவியையும் பார்க்கவில்லை, முந்தானை முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க” என்றாள்.